லாக் சித்தர் போட்ட சிவப்புத் திரை

மனிதனின் தலையெழுத்தைப் பிரம்மன் எழுதுகிறான். கம்ப்யூட்டரின் தலையெழுத்தை அதுவே எழுதிக்கொள்கிறது. அதைப் படிக்கும் ஞானக்கண் மூவுலகிலும் ஒருவருக்கே வாய்த்திருக்கிறது. அவர் ராஜபாளையத்தில் ஒரு பரோட்டாக் கடை மாடியில் இருக்கிறார். செவ்வாய்க்கிழமை விடுமுறை.

திருநாமம் லாக் சித்தர். பூர்வாசிரமப் பெயர் அழகுராஜா. பூர்வாசிரமத் தொழில், ஸ்ரீவில்லிபுத்தூரில் செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டுவது.

யார் உள்ளே வந்தார், யார் கதவில் முட்டிக்கொண்டு நின்றார், எத்தனை மணிக்கு என்று கம்ப்யூட்டர் தன் கதையை வரி வரியாகக் குறித்து வைக்கும். அதற்கு லாக் என்று பெயர். ஆங்கிலத்தில் இருப்பதால் நம் மக்களுக்கு அது தேவபாஷை. கூமாப்பட்டித் தேங்காய் வியாபாரி லேப்டாப்பைத் துண்டில் சுற்றி, காய்ச்சல்காரப் பிள்ளையைப் போலத் தோளில் சாய்த்துக்கொண்டு மாடியேறுகிறார். வன்னியம்பட்டிக் குடும்பம் ஒன்று பிரிண்டரையும் தூக்கி வந்திருக்கிறது. அதற்கு என்ன கோளாறு என்று கேட்டால், "ஒண்ணுமில்லை, வந்ததோட வந்ததா அதுக்கும் ஒரு கயிறு கட்டிருவோம்" என்கிறார்கள்.

பெரிய இடமென்றால் சித்தரே எழுந்தருள்வார். பேண்டேஜ் துணி நெய்யும் தங்கச்சாமியின் ஆபீஸுக்கு அமாவாசைக்கு அமாவாசை வருவார். கம்ப்யூட்டருக்குச் சிவப்புத் துணியில் திரை போடுவார். சாமிக்கு அலங்காரம் நடக்கும்போது திரைக்குள் எட்டிப் பார்ப்போமா? அதே பக்தியோடு எல்லோரும் கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். உள்ளே மணிச் சத்தம் கேட்கும். இடையிடையே மௌஸ் சத்தமும் கேட்கும்.

மறுநாள் காலை கணக்கெழுதும் பாண்டீஸ்வரிக்குக் கம்ப்யூட்டர் திறக்காது. அங்கே பாஸ்வேர்டு மட்டும் போதாது. அரை நிமிடத்துக்கு ஒருமுறை அவள் போனில் மாறும் ஆறு இலக்க எண்ணையும் போட வேண்டும். விரல் நோகப் போட்டுப் பார்ப்பாள். அசையாது. சித்தர் வருவார், லாக் படிப்பார், திரை போடுவார், மணியடிப்பார். திறந்துவிடும்! தங்கச்சாமி வெண்ணெயாய் உருகுவார். எலுமிச்சம்பழமும் பட்டுத்துண்டும் கனத்த கவரும் மாடிக்குப் போகும்.

நாலு மாதம் இப்படி ஓடியது. ஐந்தாம் அமாவாசையன்று பாண்டீஸ்வரி வாயைத் திறந்துவிட்டாள். "திரைக்குள்ள என்ன சாமி பண்ணுதிய?"

மறுநாள் வழக்கம்போலக் கம்ப்யூட்டர் அவளுக்குத் திறக்கவில்லை. சித்தர் வந்து, திரைக்குள் இருந்தபடியே லாக் முழுவதையும் அச்செடுத்தார். நாற்பது பக்கம் வந்து, பிரிண்டரில் டோனர் மை தீர்ந்தது.

"பாருங்க முதலாளி! நாப்பத்தேழு தடவை ஃபெயிலுன்னு போட்டிருக்கு. நாப்பத்தேழுலயும் இந்தப் பிள்ளை பேருதான். மிஷினுக்கு இவ மேல கோவம். பொழுது சாயுறதுக்குள்ள வேலையை விட்டு அனுப்பிருங்க."

நாற்பத்தேழு தடவை கதவைத் தட்டியவள் பெயரை எழுதாமல், தெருவில் போகிறவன் பெயரையா எழுதும்?

"நல்ல பிள்ளைதான்..." தங்கச்சாமி தலையைச் சொறிந்தார். "ஆனா மிஷினே சொல்லுதே!"

பாண்டீஸ்வரிக்குக் கண் கலங்கியது. அவள் வீட்டில் சம்பளம் வாங்கும் ஆள் அவள் ஒருத்திதான்.

டோனர் நிரப்ப ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த ஷமீமா பிரிண்டருக்கு முன்னால் குந்தியிருந்தாள். இரண்டு கையும் கருப்பு. "செத்த நேரம் பொறுங்க முதலாளி" என்று எழுந்தாள். "சாமி, பூஜையை இப்பமே செய்யுங்க. திரை போடுங்க, மணியடிங்க. கீபோர்டையும் மௌஸையும் மட்டும் என்கிட்ட கொடுத்துருங்க."

"மௌஸ் இல்லாம மந்திரம் எப்படிம்மா பலிக்கும்?"

"மந்திரத்துக்கு மௌஸ் எதுக்கு சாமி?"

தறிப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். வேறு வழியில்லாமல் சித்தர் அரை மணி நேரம் மணியடித்தார். வியர்வையில் திருநீறு கரைந்து மூக்கு வழியே இறங்கியது. பாண்டீஸ்வரி எண்ணைப் போட்டாள். திறக்கவில்லை.

"சரி, இப்ப நாம படிப்போம்." ஷமீமா நாற்பது பக்கத்தையும் புரட்டினாள். "இந்தா, நேத்து அமாவாசை. காலை பத்து பன்னிரண்டு. மிஷினோட மணி மாத்தப்பட்டது, பத்து இருபது ஆச்சு. மாத்துன ஆளு..." கருப்பு விரலை அந்த வரியில் வைத்தாள். "சித்தர்னு போட்டிருக்கு. ஆறு நம்பர் கேக்காத தனி அக்கவுண்டு உங்களுக்குத்தான சாமி?"

"சாமிக்குத் தடை கூடாதுன்னு நான்தாம்மா போட்டுக் கொடுத்தேன்" என்றார் தங்கச்சாமி, ஈனக் குரலில்.

"போன மாசமும் இருக்கு. அமாவாசையன்னைக்கு மணியை எட்டு நிமிஷம் முன்னால தள்ளியிருக்கு, மறுநாள் பின்னால இழுத்திருக்கு. அதுக்கு முந்துன மாசமும் அப்படித்தான். அந்த ஆறு நம்பரு மணியை வச்சுத்தான் உண்டாவுது முதலாளி. போனும் மிஷினும் வேற வேற மணி காட்டுனா எப்படிப் பொருந்தும்?"

எட்டு நிமிட வித்தியாசத்தை ஏன் யாரும் கவனிக்கவில்லை என்கிறீர்களா? அந்த ஆபீஸ் சுவர்க் கடிகாரமே பதினொரு நிமிடம் முன்னால்தான் ஓடுகிறது.

அத்தனை பேர் லாகையும் படித்த மகான், லாக் தன்னையும் எழுதும் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. "ராகு காலம் வருது" என்று முனகியபடி படியிறங்கினார். செருப்பைக்கூட மாட்டவில்லை.

தங்கச்சாமி போட்டுக் கொடுத்த அந்தத் தனி அக்கவுண்டு வழியாகவே ஷமீமா உள்ளே போய், கம்ப்யூட்டரின் மணியைச் சரிசெய்தாள். பாண்டீஸ்வரி எண்ணைப் போட்டாள். திறந்தது. மணியடிக்காமலே!

"நீ எங்கயும் போகவேண்டாம் தாயி" என்றார் தங்கச்சாமி.

"எவனோ படிச்சுச் சொன்னதுக்கு ஒருத்தி பொழைப்பைக் கெடுக்கப் பாத்தியளே. தாள் உங்க கையிலதான இருந்துச்சு? ஒருக்க நீங்களே படிச்சுட்டு யோசிச்சிருக்கலாம்லா?" என்றாள் ஷமீமா.

"இதெல்லாம் படிச்சவியளுக்குத்தானம்மா புரியும்."

"நீங்க என்ன முதலாளி படிச்சிருக்கிய?" என்று கேட்டாள் பாண்டீஸ்வரி.

தங்கச்சாமி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் படித்தது கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்.