பேர் சொல்லாத பார்ட்டி

"முப்பத்தெட்டு லட்சம்" என்றார் புரோக்கர் ரங்கையா, காபி டம்ளரைக் கீழே வைக்காமலே.

ஏழுமலைக்குக் காது சூடாகிவிட்டது. "போன வாரம் நாப்பதுன்னீங்களே!"

"அது போன வாரம் சார். பார்ட்டி இப்ப இதான் சொல்றாரு."

"யாருங்க அந்தப் பார்ட்டி? நம்பர் குடுங்க, நானே பேசிக்கிறேன்."

ரங்கையா சிரித்தார். டோக்கன் அட்வான்ஸ் கைமாறும்வரை வாங்குபவர் யார், விற்பவர் யார் என்று ஒருவருக்கொருவர் தெரியக்கூடாது. சித்தூர் முதல் திருப்பதி வரை எல்லாப் புரோக்கர்களும் விடாமல் காக்கும் விரதம் இது. தெரிந்தால் இரண்டு பேரும் நேரே பேசி முடித்துக்கொள்வார்கள், கமிஷன் போய்விடும். பார்ட்டி வீடு பார்க்க வந்த அன்றுகூட ஏழுமலையையும் மனைவி செல்லியம்மாவையும் கோயிலுக்கு அனுப்பிவிட்டுத்தான் ரங்கையா கதவைத் திறந்துவிட்டார்.

ஏழுமலை முப்பத்திரண்டு வருடம் சித்தூர்–திருப்பதி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். சித்தூர் வீட்டை விற்றுத் திருப்பதியில் மகள் தேன்மொழிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு ஃபிளாட் வாங்கிவிட வேண்டும் என்பதுதான் திட்டம். தேன்மொழி நர்ஸ். கைக்குழந்தைக்காரி. மாதக் கடைசியில் பிரசவ லீவு தீர்கிறது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாவிட்டால் வேலையை விட வேண்டியதுதான். அவள் இருக்கும் ஒற்றை அறை போர்ஷனில் இவர்களும் போய்த் தங்கினால் ஒரு ஆள் நின்றுகொண்டுதான் தூங்க வேண்டும்.

ரங்கையா தெருமுனை தாண்டியதும் ஏழுமலை திருப்பதி புரோக்கர் ஹரிபாபுவுக்கு ஃபோன் போட்டார். ஃபிளாட்டுக்கு முதலில் ஐம்பது லட்சம் தருவதாகச் சொல்லியிருந்தார். பத்து நாள் முன்பு அதை நாற்பத்தெட்டாக்கியிருந்தார்.

"இப்ப நாப்பத்தாறுன்னு சொல்லிடுங்க."

"ஓனர் ரொம்ப நல்லவரு சார், பாவம்."

"என் வீட்ட கேக்கற ஆளு எனக்குப் பாவம் பார்க்கறானா? திருட்டுப் பய!"

செல்லியம்மா முறத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "அவன் கொறைச்சா திருடன். நீ கொறைச்சா இன்னாய்யா?"

"அது வியாபாரம்டி. உனக்குப் புரியாது."

நான்காம் நாள் ரங்கையா முப்பத்தாறோடு வந்தார். ஏன் என்று அவருக்கே தெரியாது. ஆனால் தெரியாது என்று சொல்வது தொழிலுக்கு அழகில்லை.

"வாஸ்து சார். கேட் தெற்கால இருக்குது. அதான் பார்ட்டி பயப்படறாரு."

உடனே வாஸ்துக்காரர் வந்தார். தெற்குக் கேட்டை அடைத்துக் கிழக்குச் சுவரில் ஓர் இடத்தில் கோடு போட்டார். அவர் திசைகாட்டியைப் பார்த்தாரே தவிர தெருவைப் பார்க்கவில்லை. அறுபதாயிரம் செலவழித்துப் புதுக் கேட் மாட்டித் திறந்தால், இரண்டடி தள்ளி நேர் எதிரே கரண்ட் கம்பம். ஸ்கூட்டர் உள்ளே போகவில்லை. ஏழுமலையே ஒருக்களித்துத்தான் போக வேண்டியிருந்தது.

கேட்டுக்கு ஆன செலவை எங்கே பிடிப்பது? ஃபிளாட்டில்தான். "நாப்பத்துநாலு" என்றார் ஹரிபாபுவிடம்.

மூன்றே நாளில் ரங்கையா முப்பத்துநாலு என்றார்.

"கேட்டு மாத்தினப்புறமுமா?"

"இப்ப கம்பம் இருக்குதே சார்."

அன்று சாயங்காலம் தேன்மொழி ஃபோனில் பேசினாள். "நைனா, லீவு இன்னும் நாலு நாள்தான். ராஜினாமா லெட்டர் எழுதிட்டேன். நீ ஒண்ணும் மனசுல வச்சிக்காத. சாப்ட்டியா?"

"துன்னுட்டேம்மா" என்றார். தட்டு அப்படியே இருந்தது. இவள் நர்ஸிங் படிக்க வேண்டும் என்றுதான் மூன்று வருடம் லீவே போடாமல் பஸ் ஓட்டினார். எல்லாம் ஒரு காகிதத்தில் முடிகிறதே!

மறுநாள் பொழுது விடிந்ததும் வீட்டைப் பூட்டினார். "கெளம்பு. ஃபிளாட்டு ஓனரையே பார்த்து உள்ளத உள்ளபடி சொல்லிடலாம். புரோக்கரும் வாணாம், ஒண்ணும் வாணாம்."

பஸ் புத்தலப்பட்டு தாண்டும்போது செல்லியம்மா சொன்னாள்: "நம்ம வூட்ட கேக்கறானே, அவனுக்கு இன்னா கஷ்டமோ, யார் கண்டது?"

இத்தனை நாளில் பார்ட்டி என்பது ஓர் எண்ணாகத்தான் ஏழுமலை மனதில் இருந்தது. அதற்கு ஒரு முகம் இருக்கும், வீட்டில் யாராவது காத்திருப்பார்கள் என்று அப்போதுதான் தோன்றியது. சந்திரகிரி வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

ஃபிளாட்டை அவர் முன்பு பார்த்ததும் ஓனர் இல்லாத நேரத்தில்தான். மணியை அடித்ததும் மடிசார் கட்டிய அம்மாள் ஒருத்தி திறந்தாள்.

"ஓனரப் பார்க்கணுங்க. வீட்டு விஷயமா."

"அவர் இல்லையே. விடியக்காலத்துல முதல் பஸ்ல சித்தூர் போயிட்டார். உள்ள வாங்கோ, மோர் தரேன்."

"சித்தூருங்களா? எதுக்குங்க?"

"எங்க பிள்ளை அங்கதான் இருக்கான். மாட்டுப்பொண்ணுக்கு இது எட்டாம் மாசம், ஒத்தாசைக்கு யாருமில்லை. இதை வித்துட்டு அங்க ஒரு வீடு வாங்கணும்னு பேசிண்டிருக்கோம். ஆனா இதைக் கேக்கற மகராஜன் வாரத்துக்கு ரெண்டு லட்சம் குறைச்சுண்டே வரார். நாங்களும் அங்க குறைக்காம என்ன பண்றது, சொல்லுங்கோ?"

செல்லியம்மா மெதுவாகத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். மகராஜன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்த வீட்டுக்காரர் மனசு என்ன பாடுபடறதோன்னு எங்காத்துக்காரருக்கு ராத்திரியெல்லாம் தூக்கமில்லை. நேர்ல பார்த்து உள்ளதைச் சொல்லிடறேன்னு கிளம்பினார். இப்பதான் ஃபோன் பண்ணினார். வீடு பூட்டியிருக்காம், அவா வர வரைக்கும் நகர மாட்டேன்னு கேட்டுக்கு எதிர்ல ஒரு கரண்ட் கம்பத்துல சாஞ்சுண்டு உட்கார்ந்திருக்காராம்."