சாமியார் வண்டிக்கு ஒரு கவசம்

மனிதருக்குப் பேய் பிடித்த காலமெல்லாம் மலையேறிவிட்டது. இப்போது பேயே மலையேறுகிறது, காரில் உட்கார்ந்துகொண்டு.

நம்பாதவர்கள் சனி, ஞாயிறு காலையில் மலையடிவாரத்துக்குப் போய்ப் பார்க்கலாம். பாதை தொடங்குமிடத்தில் ஒரு தகரக் கொட்டகை. அதன் முன்னால் கார் வரிசை. நேற்று வாங்கி இன்று மின்னுகிற கார், பெயிண்ட் உரிந்து படை வந்தது போல் நிற்கிற கார், முன்சீட்டில் மாமியாரும் பின்சீட்டில் மருமகளும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிற கார். எல்லாம் பக்தியோடு மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். சீடர்கள் இரண்டு பேர் ஒவ்வொரு மூக்கிலும் கவசம் கட்டுவார்கள். கவசம் என்றால் செம்பு, வெள்ளி என்று நினைத்துவிடாதீர்கள். தடித்த கறுப்பு ரப்பர் விரிப்பு. பானெட் விளிம்பிலிருந்து பம்பருக்குக் கீழே வரை தொங்கும். அதன்மேல் சிவப்புப் பெயிண்டில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இரண்டு கண்கள். கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டால் காற்றே உள்ளே போகாது. பேய் எப்படிப் போகும்?

மலைக்குப் பதினொரு வளைவு. எட்டாவது வளைவுக்குள் கவசம் கட்டிய கார்களில் பாதி ஆவி கக்கும். பக்தர்கள் மொழியில், பேய் வெளியே வருகிறது. திணறிக்கொண்டே மேலே போனால், பத்தாவது வளைவில் நாற்காலி போட்டுக் காத்திருப்பார் கூலிங் சாமியார். எஞ்சினை அணைக்கச் சொல்வார். கவசத்தைத் தன் கையாலேயே அவிழ்ப்பார். பானெட்டைத் திறந்து, விசிறியால் வீசி, முக்கால் மணி நேரம் முணுமுணுப்பார். பிறகு எஞ்சினைக் குளிர வைக்கும் ரேடியேட்டரில் ஒரு சொம்பு தீர்த்தம். வண்டி கிளம்பிவிடும். ஜனம் கும்பிட்டு விழும். அணைத்த எஞ்சின் முக்கால் மணி நேரத்தில் தானாகவே ஆறும் என்று அந்த வரிசையில் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை போலும். அவர்கள் வீடுகளில் இறக்கி வைத்த பால் ஆறுவதற்கும் யாராவது மந்திரம் சொல்கிறார்களோ என்னவோ.

"கவசம் கட்டியும் கொதிக்குதே சாமி" என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும். "கட்டாம வந்திருந்தா வெடிச்சிருக்கும்."

மூன்று முறை கொதித்த வண்டிக்கு மட்டும் வேறு வைத்தியம். அதற்கு 'விடுதலை' என்று பெயர். அந்த வண்டி வீட்டில் நிற்கக் கூடாது, குடும்பத்துக்கு ஆகாது, சாவியைச் சாமியாரிடம் கொடுத்துவிட வேண்டும். பேய் பிடித்த வண்டிகள் கொட்டகைக்குப் பின்னால் கொஞ்ச நாள் தவம் இருக்கும். அப்புறம் நிறம் மாறி, வேறு ஊரில் மறுபிறவி எடுக்கும்.

டிகிரியின் அப்பா வாடகைக் கார் ஓட்டுகிறவர். வீட்டில் சோறு வேகிறது என்றால் அந்த ஒரு வண்டியால்தான். டிகிரி என்பது பட்டப் பெயர். அந்தக் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள். தெருவே கேலியாக அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, உண்மைப் பெயர் சான்றிதழில் மட்டும் மிச்சம் இருந்தது. படித்தது வரலாறு. வேலை இன்னும் கிடைக்கவில்லை. கோபத்துக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

அப்பாவின் வண்டி இரண்டு முறை கொதித்தபோது அவள் சர்வீஸ் புத்தகத்தை உட்கார்ந்து படித்தாள். உதிரிப்பாகக் கடையில் புது ரேடியேட்டர் வாங்கி வந்தாள். எஞ்சின் நன்றாக ஆறியிருந்த ஒரு காலை நேரம், வீட்டு முற்றத்தில் வண்டிக்குக் கீழே பிளாஸ்டிக் தொட்டியை வைத்து, மேல் மூடியையும் அடித் திருகையும் திறந்து பழைய தண்ணீரை வடிய விட்டாள்.

அப்பாவின் அக்கா, அதாவது அத்தை, தையல் மெஷினை விட்டு எழுந்து வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். "பொண்ணு கை வச்ச வண்டி உருப்படுமா?"

"உங்க தையல் மெஷினுக்கு யாரு அத்தை எண்ணெய் விடுறது?"

"நான்தான்."

"அது ஓடுதா?"

அத்தை பேச்சை மாற்றினாள். "மேல் மூடியை ஏன் இப்ப திறக்குற? சாயந்தரம் வந்ததும் திறந்திருக்கலாம்ல?"

"வண்டி சூடா இருக்கும்போது திறந்தா உள்ள இருக்குற வெந்நி முகத்துல அடிக்கும். அப்புறம் எனக்கு மாப்பிள்ளை பாக்குற வேலை உங்களுக்கு மிச்சம்."

மேல் குழாய், கீழ் குழாய், விசிறியின் ஒயர், இரண்டு போல்ட். பழைய ரேடியேட்டரைத் தூக்கி வெளியே வைத்துத் தட்டினாள். உள்ளிருந்து வெள்ளை வெள்ளையாக உப்புப் பொருக்கு கொட்டியது.

"பாருங்கப்பா. இதுதான் சாமியார் தீர்த்தம். கொட்டகைக்குப் பின்னாடி இருக்குற உப்புக் கிணத்துத் தண்ணி. வண்டிக்குச் சூடு தணிக்கிற கூலன்ட்தான் ஊத்தணும், காய்ச்சி வடிச்ச தண்ணியோட பாதிக்குப் பாதி."

அத்தை குனிந்து பொருக்குகளை ஒன்று விடாமல் பொறுக்கிக் காகிதத்தில் மடித்தாள். "சாமி குடுத்தது. கால்ல படக் கூடாது."

புது ரேடியேட்டர் உட்கார்ந்தது. குழாய்களும் கிளிப்புகளும் புதிது. கூலன்ட் ஊற்றி, மூடியைத் திறந்து வைத்தபடியே எஞ்சினை ஓட விட்டு, உள்ளே மாட்டிய காற்றெல்லாம் குமிழி குமிழியாக வெளியேறும்வரை காத்திருந்து, குறைந்ததை ஈடுகட்ட இன்னும் கொஞ்சம் நிரப்பி மூடினாள். கடைசியில் ஒரு செய்தித்தாளை வண்டியின் மூக்கருகே பிடித்தாள். விசிறி இழுத்த இழுப்பில் தாள் முன்பக்கக் கிரில் கம்பிகளோடு பச்சென்று ஒட்டிக்கொண்டது. அதில் கூலிங் சாமியாரின் முழுப்பக்க விளம்பரம். அவர் கன்னம் அமுங்கி, உதடு கோணிச் சிரித்தார்.

"நல்லா மூச்சு விடுதுப்பா. இனிமே கொதிக்காது" என்றாள்.

அந்த வாரமே, சனிக்கிழமை, மலைச் சவாரியில் கொதித்தது.

அப்பா வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு அதில் சாய்ந்து நின்றார். "மூணாச்சு" என்றாள் அத்தை. அவ்வளவுதான். நாளை விட்டு அடுத்த ஞாயிறு சாவியைக் கொடுத்துவிடுவது என்று முடிவானது. இருபது வருடம் ஸ்டியரிங் பிடித்த கை அன்றைக்குத் தட்டில் இருந்த சோற்றைச் சும்மா பிசைந்துகொண்டே இருந்தது.

டிகிரி திருகு ஒவ்வொன்றையும் மறுபடி பார்த்தாள். ஒரு சொட்டுக் கசிவு இல்லை. முற்றத்தில் ஒரு மணி நேரம் ஓட விட்டாள். சூடு காட்டும் முள் நடுவில் நின்றது. வரலாறு படித்தவளுக்கு வேறென்ன தெரியும்? கேள்வி கேட்கத் தெரியும். நோட்டும் பேனாவும் எடுத்து அப்பா எதிரில் உட்கார்ந்தாள்.

"எந்த வளைவுல கொதிச்சுது?"

"எட்டுல."

"புதன்கிழமை பக்கத்து மலைக்குச் சவாரி போனீங்களே. அது இதைவிடச் செங்குத்து. அங்க?"

"கொதிக்கல."

"இங்க இருக்குறதுல அங்க என்ன இல்ல?"

"பேய் இல்ல."

"அப்புறம்?"

"சாமி இல்ல."

"அப்புறம்?"

அப்பா யோசித்தார். "கவசம் இல்ல. அது இவங்க அடிவாரத்துல கட்டுறது. மேல போனதும் சாமி அவுத்துருவாரு."

பேனா நின்றது. கிரில்லில் ஒட்டிய செய்தித்தாள் அவள் கண்முன் வந்தது. கவசம் ஒருநாளும் வீட்டுக்கு வந்ததில்லை. அதனால் அவள் கண்ணில் பட்டதில்லை. மூக்கைப் பொத்தி மாடிப்படி ஏறச் சொல்லி, மூச்சு முட்டியதும் கையை எடுத்துவிட்டு, பிழைக்க வைத்தேன் என்று காசு வாங்குகிற வைத்தியம்.

"அதைக் கட்டாம ஏறிப் பாருங்கப்பா."

"மாட்டேன். நாலு பேரை நம்பி உக்கார வச்சு ஏத்துறேன்டி. ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா?"

திட்டலாம் என்று வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். அந்தப் பயம் பொய் இல்லை. பயத்தை விற்றவன்தான் பொய்.

மறுநாள் ஞாயிறு. அவள் பஸ் பிடித்துப் போய் எட்டாவது வளைவில் ஒரு கல்லில் உட்கார்ந்து எண்ணினாள். கவசம் கட்டி வந்தவை நாற்பது, கொதித்தவை இருபத்திரண்டு. கட்டாமல் வந்தவை பதினேழு, கொதித்தது ஒன்று. அந்த ஒன்றுக்கும் தண்ணீரைச் சுற்ற விடும் பெல்ட் அறுந்திருந்தது. கட்டாமல் போனவர்கள் என்ன ஆனார்கள் என்று இத்தனை வருடத்தில் ஒருத்தரும் கேட்கவில்லை. அவர்கள் பாட்டுக்கு ஏறினார்கள், இறங்கினார்கள். அந்தப் பதினேழில் ஒன்று பெரிய வெள்ளைக் கார். பின்சீட்டில் ஏசி போட்டுக்கொண்டு கூலிங் சாமியார். டிகிரி தன்னை மறந்து சிரித்துவிட்டாள்.

சாவி கொடுக்கும் ஞாயிறு வந்தது. கொட்டகை முன்னால் நல்ல கூட்டம். விடுதலை என்றால் வேடிக்கை பார்க்கத் தனி ஜனம் வரும். சாமியார் வெள்ளைக் காரிலிருந்து இறங்கி, அப்பாவின் முன் உள்ளங்கையை விரித்தார். அப்பா சட்டைப் பையைத் தடவினார்.

டிகிரி குறுக்கே வந்து கை கூப்பினாள். அவ்வளவு பணிவை அத்தை அவளிடம் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

"சாமி, சாவி தரோம். எனக்கு ஒரே பயம். எங்க வண்டிப் பேய் இன்னிக்கு வெளிய வருது. பக்கத்துல எந்த வண்டிக்குக் கவசம் இல்லையோ அதுக்குள்ளதானே தாவும்? உங்க வண்டி மூக்கு திறந்து கிடக்கே."

கூட்டம் வெள்ளைக் காரைப் பார்த்தது. இத்தனை வருடத்தில் முதல் முறையாகப் பார்த்தது.

"அம்மா தாயே, அவ சொல்றது நியாயம்" என்று நெஞ்சில் கை வைத்தாள் அத்தை.

சாமியார் புன்னகைத்தார். "என் வண்டிக்கு நானே கவசம்."

"அப்ப எங்க வண்டிக்கும் நீங்களே போதுமே சாமி. ரப்பர் எதுக்கு?"

வரிசையில் ஒருவர் வாய்விட்டுச் சொன்னார். "அதானே."

சாமியாரின் புன்னகை அங்கேயே நின்றது, உள்ளே போகவும் வழியில்லாமல், வெளியே வரவும் வழியில்லாமல். ரப்பர் வேண்டாம் என்றால் கொட்டகையைப் பிரிக்க வேண்டும். வேண்டும் என்றால் கட்ட வேண்டும்.

"சரி. கட்டுங்கடா. லேசா கட்டுங்க."

"லேசாவா? சாமிக்கு ஏதாவது ஆச்சுன்னா நாங்க உயிரோட இருக்குறதா?" என்று சீடனைத் தள்ளிவிட்டு அத்தையே கயிற்றைப் பிடித்தாள். முப்பது வருடம் தையல் மெஷின் மிதித்த காலை பம்பரில் ஊன்றி, பல்லைக் கடித்து இழுத்து, முடிச்சுக்கு மேல் முடிச்சாக மூன்று போட்டாள். அன்பு அவ்வளவு.

"எங்க வண்டிக்கு இன்னிக்குக் கவசம் வேணாம் சாமி. பேய் வெளிய போக வழி வேணும்ல? மேல வந்து சாவி தரோம்" என்றாள் டிகிரி. மறுக்கவும் முடியாமல், வெயிலில் நிற்கவும் முடியாமல், சாமியார் காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

முன்னால் வெள்ளைக் கார். பின்னால் அப்பாவின் கார். சாமியாரே மறுக்காததால் கவசமில்லாமல் ஏறத் துணிந்த அப்பா ஸ்டியரிங்கை உடும்பு மாதிரி பிடித்திருந்தார். பக்கத்தில் டிகிரி, பின்னால் அத்தையும், இடம் கேட்டு ஏறிக்கொண்ட இரண்டு பேரும். அதற்குப் பின்னால் ஊர்வலம் போல் கார்கள், ஹாரன் சத்தம், பைக்குகள்.

"முள்ளு?" என்றார் அப்பா மூன்றாவது வளைவில்.

"நடுவுல."

நான்காவது வளைவில் வெள்ளைக் காரின் கண்ணாடிகள் நான்கும் இறங்கின. "ஏசியை நிறுத்திட்டாரு" என்றாள் டிகிரி. ஆறாவது வளைவில் சாமியார் தலையை வெளியே நீட்டி நாய்க்குட்டி போல் காற்று வாங்கினார். முகம் சிவந்து வியர்வை வழிந்தது. டிகிரி சீட்டிலேயே குதித்தாள்.

"அப்பா, ஹீட்டர் போட்டிருக்காரு."

"இந்த வெயில்லயா? எதுக்கு?" என்றாள் அத்தை.

"எஞ்சின் சூட்டைக் கொஞ்சம் உள்ளாற இழுத்துக்கும் அத்தை. வண்டி தெரிஞ்சவங்க செய்யுற வேலை. சாமி மந்திரத்தை மறந்துட்டு மெக்கானிக் ஆயிட்டாரு."

"முள்ளு?"

"நம்மளுது நடுவுலயேதான்பா."

எட்டாவது வளைவில் வெள்ளைக் கார் பெருமூச்சு விட்டது. இரண்டு சிவப்புக் கண்களின் ஓரத்திலும் ஆவி புசுபுசுவென்று கிளம்பியது. கார் நிற்பதற்குள் கதவு திறந்தது. சாமியார் குதித்து, சால்வை ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கமாக ஓடி வந்து முடிச்சைப் பிடித்து இழுத்தார். அத்தை போட்ட முடிச்சு. அசையவில்லை.

"அவுருங்கடா அதை. கத்தி கொண்டாடா. காத்தே போகல, ரேடியேட்டர் வெந்துரும்டா. எஞ்சின் ஹெட்டு போச்சுன்னா எவன்டா செலவு பண்றது?"

பின்னால் ஊர்வலம் நின்றது. ஹாரன் நின்றது. மலையே காதைத் தீட்டிக்கொண்டது. அத்தை மெதுவாக இறங்கி வந்து அவர் முகத்துக்கு நேரே குனிந்தாள்.

"சாமி, இத்தனை நாளும் பேய்ன்னீங்க. இப்ப என்னமோ ரேடியேட்டர்ங்கிறீங்க?"

சாமியார் முடிச்சை விட்டுவிட்டு, கழன்று போன செருப்பைத் தேடினார். 

பதறிய சீடன் பானெட்டைத் திறந்து மூடியில் கை வைக்கப் போனான். "தொடாதீங்க. முகம் வெந்துடும். ஆற விடுங்க" என்று டிகிரி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"முக்கால் மணி நேரம்தானே" என்றார் வரிசையில் 'அதானே' சொன்னவர், சாலையோரச் சுவரில் வசதியாக உட்கார்ந்துகொண்டு. "நீங்க மந்திரம் சொல்லுங்க சாமி. நாங்க கடிகாரம் பாக்குறோம். அடுத்த வண்டிக்கு மந்திரம் இல்லாமப் பாப்போம். எது சீக்கிரம் ஆறுதுன்னு தெரிஞ்சிரும்."

மலை முழுக்கச் சிரிப்பு. அப்பா திரும்பி நடந்தார். தன் வண்டிக்குள் எட்டி, முள் நடுவில் நிற்பதை இன்னொரு முறை பார்த்தார். எஞ்சினை அணைத்து, சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டு, அதன்மேல் இரண்டு தட்டுத் தட்டிக்கொண்டார். பத்தாவது வளைவில் நாற்காலி அன்று காலியாகவே கிடந்தது. மதியத்துக்குள் கொட்டகைக்குப் பின்னால் ஒரு கூட்டம், அவரவர் வண்டியை அவரவர் தேடிக்கொண்டிருந்தார்கள்.

ரப்பர் கவசத்தை அத்தை வீட்டுக்குக் கொண்டு வந்து வாசலில் கால் துடைக்கப் போட்டாள். தீர்த்தப் பொருக்குப் பொட்டலத்தைக் குப்பையில் எறிந்தாளா என்று டிகிரி கேட்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரு வெற்றி போதும்.

மறுவாரம் ஒருவர் காரோடு வாசலில் வந்து நின்றார். கை கூப்பியிருந்தார். "தாயே, நீங்க கை வச்சா கொதிக்காதாமே. ஒரு தடவை பானெட்டைத் தொட்டுக் குடுங்க."

டிகிரிக்குத் தலை கொதித்தது. உள்ளே போய் ஒரு செய்தித்தாளை எடுத்து வந்து நீட்டினாள். "விசிறி ஓடும்போது இதைக் கிரில்லுகிட்ட பிடிங்க. ஒட்டிக்கிச்சுன்னா வண்டி மூச்சு விடுது."

"ஒட்டலன்னா?"

"கிரில்லுல இருக்குற தூசியைக் கழுவுங்க. விசிறி சுத்துதான்னு பாருங்க. மாசம் ஒரு தடவை, வண்டி ஆறினப்புறம், கூலன்ட் அளவு பாருங்க."

"சரிங்க தாயே. பிடிச்சு முடிச்சதும் இந்தத் தாளை என்ன பண்றது? பூஜையில வைக்கவா?"

"படிங்க" என்றாள்.

காரின் மூக்கைக் கட்டினால் எட்டு வளைவுக்குள் ஆவி வந்து காட்டிக்கொடுத்துவிடுகிறது. ஐயா, அம்மா, நீங்கள் தலையையே கட்டிக்கொண்டு பரம்பரை பரம்பரையாக ஏறிக்கொண்டிருக்கிறீர்கள். இன்னும் எந்த வளைவில் புகை வந்தால் இறங்கி முடிச்சை அவிழ்ப்பதாக உத்தேசம்?