தொடாதேங்கோ அண்ணையின் ஆங்கில மாளிகை

ஜெர்மனியில் எனக்கு இரத்தக் கொதிப்பைக் கொண்டுவந்தவர் தொடாதேங்கோ அண்ணை. வைத்தியரிடமே இதைச் சொன்னேன். அவர் அதை ஏதோ வருத்தத்தின் பெயர் என்று நினைத்து எழுதிக்கொண்டார்.

ஊன்ட்றொப் என்ற ஊரில் நம்மாட்கள் கட்டிய அம்மன் கோயிலிலிருந்து அரை மணி நேரக் கார் ஓட்டத்தில் அந்த மாளிகை இருக்கிறது. நூல் ஆலை வைத்திருந்த ஒரு ஜெர்மன்காரர் முந்திய காலத்தில் இங்கிலாந்துக்கு விருந்துக்குப் போய், அங்கே பிரபுக்களின் நாட்டுப்புற மாளிகைகளைப் பார்த்துத் தலை கிறங்கி, அதேபோல ஒன்றை இங்கே கட்டிவிட்டார். சிவப்புச் செங்கல், கல் சட்டத்தில் ஈயம் வைத்துப் பொருத்திய கண்ணாடி ஜன்னல்கள், இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு கூடம், கூரை முழுக்கப் புகைபோக்கிகள். உலகப் போருக்குப் பிறகு பிரிட்டிஷ் அதிகாரிகள் தங்கி, பிறகு முதியோர் இல்லமாகி, இப்போது கல்யாண மண்டபம். அதன் பொறுப்பாளர்தான் நம் அண்ணை. பிறந்தது யாழ்ப்பாணத்தில், நடப்பதோ அந்த ஆலைக்காரரின் பேரன் மாதிரி.

மகளின் கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்கப் போன அன்றே சண்டை தொடங்கியது. பலகை பதித்த சுவரில் தெரியாத்தனமாகக் கை வைத்துவிட்டேன்.

"தொடாதேங்கோ! ஓக் மரம். வேர்வை பட்டால் கறுத்துப்போம். டெர்மின் எடுக்காமல், நேரம் கேளாமல் வந்ததும் காணாதெண்டு தொடவும் வேணுமோ?"

"வாசல்ல வாழை கட்டலாமே, அண்ணை?"

"கட்டுங்கோ. உங்கட வீட்டு வாசல்ல கட்டுங்கோ."

தோரணத்துக்கு ஆணி அடிக்கக் கூடாது. கல்படியில் தேங்காய் உடைக்கக் கூடாது. ஜன்னலைத் திறக்கலாமா என்றால், கீல் எல்லாம் துருப்பிடித்துவிட்டது, அந்தக் கண்ணாடி போனால் திரும்பச் செய்ய ஆளில்லை என்று என்னைக் கள்ளனைப் பார்ப்பது போலப் பார்த்தார். மகளுக்கு அங்கத்தைய மாடிப்படி பிடித்துப்போயிற்று. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஓமம் வளர்க்க வேண்டும் என்று வாயெடுத்தபோதுதான் இருவருக்கும் பற்றிக்கொண்டது.

"நெருப்போ? முகட்டில பாருங்கோ, புகைக் கருவி. அது கத்தினால் தீயணைப்புக்காரர் வந்து எல்லாரையும் வெளியில கலைச்சுப்போடுவாங்கள்."

"நெருப்பில்லாமல் தாலி கட்டுறதோ? உங்களுக்கென்ன விசரோ?"

ஒரு கிழமை தொலைபேசியில் கத்தினோம். பிறகு அவரே அழைத்தார். குரலில் அப்படியொரு பெருமை.

"கூடத்தில பெரிய கணப்படுப்பு இருக்கெல்லே? ஆள் உள்ளுக்க நிக்கலாம். ஓமக்குண்டத்தை அதுக்குள்ள வையுங்கோ. புகை நேரா மேல போயிடும். ஆங்கில மூளை, தம்பி!"

ஐயர் திசை பார்த்தார். மணமக்கள் அடுப்பைப் பார்த்து இருந்தால் கிழக்கு. சரி என்றார்.

முகூர்த்தம் நெருங்கியது. ஐயர் நெய்யை ஊற்றினார். புகை மேலே போய், கொஞ்சம் யோசித்து, திரும்பி வந்தது. மாப்பிள்ளை இருமினார். மகளின் கண்மை கன்னத்தில் இறங்கியது. புகை கூடத்துக்குள் பரவி முகட்டுக் கருவியை நோக்கி எழும்பிற்று. அது கத்தினால் நல்ல நேரம் தெருவில் நின்றே கழிந்துவிடும். நான் அண்ணையின் சட்டையைப் பிடித்தேன்.

"எங்க உங்கட ஆங்கில மூளை?"

அவர் என் கையைத் தட்டிவிட்டு, சாமிக்கு வைத்திருந்த தேங்காயொன்றைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினார். அங்கே கூடத்தின் முகட்டோடு ஒட்டியிருந்த ஜன்னலில் ஓங்கி ஓங்கி இடித்தார். துணியால்கூட அழுத்தித் துடைக்கவிடாத கண்ணாடி சில்லுச் சில்லாகப் போயிற்று. புகை அந்த வழியாக வெளியேறியது. கெட்டிமேளம் முழங்க, தாலி ஏறியது.

பிறகுதான் சங்கதி தெரிந்தது. அந்த ஆலைக்காரர் நிலவறையில் கொதிகலன் வைத்துக் குழாய்களால் வீட்டைச் சூடாக்கியிருக்கிறார். கணப்படுப்பும் புகைபோக்கியும் இங்கிலாந்து மாதிரித் தெரிவதற்கு மட்டும். உள்ளே ஓர் ஆள் உயரத்துக்கு மேல் செங்கல் வைத்து அடைத்திருந்தது. இத்தனை வருடம் அங்கேயே கிடந்த மனிதருக்கு இது தெரியாதாம்! நாலு கேள்வி கேட்கத்தான் மாடிக்கு ஏறினேன். அவர் நிலத்தில் குந்தியிருந்து கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் கரி.

"பிள்ளைக்கு நேரத்துக்குத் தாலி ஏறிட்டுதோ?"

"ஓம், அண்ணை." நானும் பக்கத்தில் குந்தித் துண்டு பொறுக்கத் தொடங்கினேன்.

ஆசீர்வாதம் தொடங்கியபோது மகள் முதலில் என்னிடம் வரவில்லை. மாப்பிள்ளையையும் இழுத்துக்கொண்டு போய் அவர் காலில் விழுந்தாள். பெற்ற தகப்பன் நான் பக்கத்திலேயே நின்றேன். எனக்குக் கோபமே வரவில்லை.