தொடையில் கொண்டுபோன சீர்

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். நான் தொடையையே நீட்டியவன்.

எங்கள் தேயிலைத் தோட்டப் பக்கத்தில் பெண்பிள்ளைக்கு எந்த நல்லது நடந்தாலும் தாய்மாமன் சீர் இல்லாமல் நடக்காது. காது குத்த மாமன் மடி, பெரியவளானால் மாமன் சேலை, கல்யாணத்துக்கு மாமன் மாலை. என் அக்கா மகள் செல்விக்கு முதல் இரண்டையும் குறைவில்லாமல் செய்திருந்தேன். மூன்றாவதுதான் தட்டிக்கொண்டே போனது. லயத்து வரிசை வீட்டில், ஒற்றை அறைக் காம்பராவில் குப்பி விளக்கு சரிந்து அவள் கன்னம் வெந்துவிட்டது. புண் ஆறும்போது தோல் சுருங்கிக் கீழிமையை இழுத்துக்கொண்டது. தூங்கும்போதுகூட அந்தக் கண் மூடாது. பெண் பார்க்க வந்தவர்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனார்கள். அது போகட்டும். இப்படியே விட்டால் கண் காய்ந்து பார்வையே போய்விடும் என்று தோட்டத்து டிஸ்பென்சர் ஐயா சொன்னதுதான் எங்களை உலுக்கியது.

"கொழும்புக்குக் கூட்டிட்டுப் போங்க. வேற எடத்துத் தோல எடுத்து வச்சுத் தைப்பாங்க" என்றார். யாருடைய தோல் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. (கேட்பானேன்? தாய்மாமன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கிறேனே.)

தோலுக்கு ஆகாதென்று அன்றிலிருந்து கருவாட்டை விட்டேன். வலது தொடை முழுக்க அட்டை கடித்த தழும்பு. அதனால் இடதைத் தேர்ந்தெடுத்து தினமும் நல்லெண்ணெய் தேய்த்தேன். வேலைக்குப் பேர் கூப்பிடும் காலைப் பெரட்டில் எல்லாரும் கேட்க, தோல் கொடுக்கப் போகிறேன் என்று சொல்லித்தான் லீவு வாங்கினேன். என் மனைவி ஒன்றுதான் சொன்னாள்: "ஒங்க நெறத்த அது மூஞ்சியில ஒட்டுனா, வெள்ளச் சீலையில கரித்துணி வச்சுத் தச்ச மாதிரி இருக்கும்." நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தலவாக்கலை ஸ்டேஷனுக்கு லயமே திரண்டு வந்தது. (கங்காணி கொண்டுவந்த மாலையை என் கழுத்தில் போடுவதா, தொடையில் போடுவதா என்று தடுமாறினார்.)

ஆஸ்பத்திரியில் டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். பின்னால் டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் ஏழெட்டுப் பேர். செல்வியின் கட்டிலருகே அவர் வந்ததும், வேட்டியை ஒதுக்கி இடது தொடையை நீட்டினேன்.

"உங்களுக்கு என்ன?" என்றார்.

"ஒண்ணுமில்லைங்க ஐயா. எடுத்துக்குங்க."

அவருக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. படிக்கிற பிள்ளைகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவர் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் தேவலை.

"ஐயா, உங்கட தோல் பிள்ளையின்ட முகத்தில நிக்காது. கொஞ்ச நாளில கழண்டு விழுந்திடும். அவவின்ட தோல்தான் அவவில ஒட்டும்."

காதுக்குப் பின்னாலிருந்து கட்டைவிரல் நகமளவு எடுத்தால் போதும், நிறமும் ஒத்துப்போகும் என்றார்.

"அப்ப மாமன் எதுக்குங்க?" என்று கேட்டுவிட்டேன். வேட்டியை இன்னும் இறக்கியிருக்கவில்லை.

அவளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நல்லெண்ணெய் மணக்கும் தொடையோடு நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். கொடுக்க எதுவும் இல்லாதவன் காத்திருப்பது எத்தனை கனம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கட்டுப் பிரித்த பிறகு ஒரு மத்தியானம் போனேன். செல்வி தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு கண்ணும் மூடியிருந்தன. எழுப்பாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

விழித்ததும், "மாமன் வெறுங்கையோட வந்துட்டேன்மா" என்றேன்.

அவள் காதுக்குப் பின்னால் மெதுவாகத் தொட்டுப் பார்த்தாள். "இந்தக் காத ஒங்க மடியில வச்சுத்தானே குத்துனாங்க மாமா. ஒங்க சீரு அப்பவே வந்துருச்சு."

அடுத்த தையில் அவள் கல்யாணத்துக்கு மாலை கொண்டுபோனேன். மாப்பிள்ளை வீட்டார் சீர்த்தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, மணப்பெண் குனிந்த தலை நிமிராமல் என்னிடம் கேட்டாள்: "மாமா, நல்லெண்ணெய் தேச்சீங்களா?"

இன்றும் நான் எந்தச் சீருக்குக் கிளம்பினாலும் வீட்டில் யாராவது அதைக் கேட்பார்கள். தேய்த்தாச்சு என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்குகிறேன்.