வேப்பெண்ணெய்க்கு ஒரு சட்டை

மல்லிகை வாசனையைக் கலந்த பிறகும் கிரீம் மணக்கவில்லை. பூப்பந்தலுக்கு அடியில் எலி செத்தது போலிருந்தது.

"முன்னாடி வெறும் வேப்பெண்ணெய் நாத்தம்தான்," என்றார் கணவர், மூக்கைப் பொத்தியபடி. "இப்ப அது பவுடர் பூசிட்டு வந்து நிக்குது."

அவளுக்கு அழுகை முட்டியது. கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்த வேலையை விட்டுவிட்டு, பின்னறையில் தனியாக உருவாக்கிய கிரீம் அது. நாத்தனாரின் கைவெடிப்பு அதில்தான் ஆறியது.

"கை நல்லாயிடுச்சு அண்ணி. பிடிக்கத்தான் ஆளில்லை," என்றுவிட்டாள் நாத்தனாரும்.

வெள்ளிக்கிழமை மருந்துக்கடைக் கம்பெனியிலிருந்து அதிகாரியம்மா வருகிறார். அவருக்குப் பிடித்தால் ஊரெல்லாம் கிரீம் போகும்.

அவள் வேறு வழி பிடித்தாள். எண்ணெயின் ஒவ்வொரு பொடித்துளிக்கும் மெழுகில் மெல்லிய சட்டை மாட்டினாள். டப்பாவில் வாடை வராது. பூசிய பின் சட்டை மெள்ள மெள்ளக் கழன்று எண்ணெய் தோலுக்குள் இறங்கும்.

"அட, ஒண்ணுமே அடிக்கலையே!" கணவர் கழுத்து நிறையப் பூசிக்கொண்டு ஆபீசுக்குப் போனார்.

சற்று நேரத்தில் போன் வந்தது.

"லிஃப்ட்ல கூட்டம். வேர்த்துச்சு. நீ மாட்டின சட்டையெல்லாம் மொத்தமா கழண்டுடுச்சு."

"ஐயோ! அப்புறம்?"

"அடுத்த மாடியிலேயே எல்லாரும் இறங்கிட்டாங்க. எனக்கு லீவு கொடுத்து அனுப்பிட்டாங்க."

வெள்ளிக்கிழமைக்குள் சட்டையைத் தடிமனாக்கினாள். இப்போது என்ன தேய்த்தாலும் கழலவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். எல்லாம் ஒரேயடியாக வெடித்து வீடே நாறியது.

அந்த நேரம் பார்த்து அழைப்புமணி அடித்தது.

அவள் ஜன்னல்களைத் திறப்பதற்குள் அதிகாரியம்மா உள்ளே வந்து, மேசையிலிருந்த கிரீமை எடுத்து உள்ளங்கையில் அழுத்தித் தேய்த்துவிட்டார். முகம் மாறியது. கையை மூக்கருகே கொண்டுபோனார். கண் கலங்கியது. விடுவிடுவென்று வெளியேறினார்.

"போச்சு," என்று அவள் நாற்காலியில் சாய்ந்தாள். "எல்லாம் போச்சுங்க."

"விடும்மா. அடுத்த தடவை ரோஜா போட்டுப் பாப்போம்," என்றார் கணவர், நாலடி தள்ளி நின்று.

வாசலில் யாரோ கனைத்தார்கள். அதிகாரியம்மாவின் கார் டிரைவர்.

"அம்மாவுக்கு இந்தக் கிரீம் ஒரு டப்பா வேணுமாம். ரெண்டு வருஷம் முன்னாடி காய்ச்சல்ல போன மூக்கு அவங்களுக்கு, எந்த வாசனையும் தெரியாது. இப்ப கார்ல உக்காந்து, 'ஐயோ நாறுது, நாறுது'ன்னு ஒரே ஆனந்தக் கண்ணீர்!"