கொக்கு மண்டோரும் ஏழாம் நம்பரும்

சட்டை போடும் மனிதர்கள் உலகத்தில் கோடிக்கணக்கில் இருப்பார்கள். சட்டைக்கு வாக்கப்பட்ட மனிதர் ஒருவரைத்தான் நான் பார்த்திருக்கிறேன். மலேசியாவில் பெடாஸ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் நான் ஆபீஸ் கிராணியாகக் கணக்குப் புத்தகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நாளில், அங்கே மண்டோராக இருந்தவர். குலை வெட்டும் ஆட்களை வேலை வாங்குவது அவர் தொழில். மூணு கொக்கு மார்க் சட்டை போடுவது அவர் மதம். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்றபடி தோட்டம் முழுக்க அவர் கொக்கு மண்டோர்தான்.

கிரீம் கலர், முழுக்கை, மூடி வைத்த இரண்டு பாக்கெட், இடது பாக்கெட்டின் மேல் நூலால் தைத்த மூன்று கொக்குகள். வேலைக்கு அதுதான், கோயில் திருவிழாவுக்கு அதுதான், இழவு வீட்டுக்கும் அதுதான். அவருடைய கல்யாணப் போட்டோவை நானே பார்த்திருக்கிறேன். மாலையை ஒரு கையால் விலக்கி, கொக்கு தெரிகிற மாதிரி நிற்கிறார். பக்கத்தில் பெண் பாதிதான் தெரிகிறாள்.

செம்பனைத் தோட்டத்தில் மழை பெய்தால் லோரி டயர் மூழ்கும் அளவுக்குச் சேறு. அதில் கிரீம் கலர் சட்டை போட்டு நடமாட ஒரு துணிச்சல் வேண்டும். ஆனால் மண்டோர் சட்டையில் ஒரு பொட்டு அழுக்கைக் கண்டவர் கிடையாது. கொசுகூடக் காலைக் கழுவிக்கொண்டுதான் அந்தச் சட்டையில் உட்காரும் என்று வெட்டுக்காரர்கள் சொல்வார்கள்.

அந்தச் சட்டையின் பாக்கெட்டுக்குள் ஒரு சின்னச் சீட்டு இருக்கும். தையலைச் சரிபார்த்த ஊழியரின் நம்பர் அதில் அச்சாகியிருக்கும். நீங்களும் நானும் கசக்கி எறிவோம். மண்டோர் படித்தார். பல வருட ஆராய்ச்சிக்குப் பிறகு, ஏழாம் நம்பர் ஆள் பார்த்த சட்டையில் மட்டும் பொத்தான் அசையாது, காலர் பல்லிளிக்காது என்று கண்டுபிடித்தார். அன்றிலிருந்து ஏழு இல்லாத சட்டையை அவர் வாங்குவதில்லை.

ஒருமுறை சிரம்பான் கடைக்கு அவரோடு போயிருந்தேன். மண்டோர் தொங்கும் சட்டைகளின் பாக்கெட்டில் வரிசையாகக் கையை விட ஆரம்பித்தார். புதிதாக வேலைக்கு வந்த பெண் "பிக்பாக்கெட்! பிக்பாக்கெட்!" என்று கத்திவிட்டாள். ஆளில்லாத சட்டையில் பிக்பாக்கெட் அடிக்க முடியுமா என்று யாரும் யோசிக்கவில்லை. வாசலில் நின்ற காவலாளி ஓடி வந்து மண்டோரின் கையைப் பிடித்தார். கடை முதலாளி ஒரு சீனர். கல்லாவை விட்டு எழுந்திருக்காமலே, "அவர விடுங்கலா, அவரு ஏழு தேடுறாரு" என்றார். காவலாளிக்கு ஒன்றும் புரியவில்லை.

"நம்ம ஏழு பாத்த சட்ட, கிராணி" என்று மண்டோர் ஒன்றை உருவி எடுத்தார். சொந்தக்காரர் வீட்டிலிருந்து பலகாரம் வந்த மாதிரி ஒரு முகம்.

இவ்வளவு விசுவாசமான மனிதருக்குக் கம்பெனி மேல் ஒரே ஒரு மனத்தாங்கல் இருந்தது. அவர்களுக்கு நன்றி சொல்லத் தெரியவில்லை என்பார். அவர்கள் சொல்லாமல் இல்லை. முதலில் உறுப்பினர் கார்டு கொடுத்தார்கள். "புள்ளி சேரும் அங்கிள்" என்றாள் கடைப் பெண்.

"புள்ளி சேத்து என்னாம்மா செய்யறது? கோலமா போடப்போறேன்?"

அடுத்த வருஷம் ஒரு பிளாஸ்டிக் டம்ளர் கொடுத்தார்கள். அதை மோட்டாரின் எண்ணெய் அளக்க வைத்துக்கொண்டார். பிறகு போனில் பிறந்தநாள் வாழ்த்து வந்தது: "மதிப்புமிக்க வாடிக்கையாளரே!" மண்டோருக்கு மூக்குக்கு மேல் கோபம். "மதிப்புமிக்கன்னு போடத் தெரியுது, பேரு போடத் தெரியல. அதுவும் இது என் பொறந்தநாளே இல்லலா. எங்கப்பாவுக்கு டவுனுக்குப் போக லீவு கெடச்ச நாளு. அன்னிக்கித்தான் பதிஞ்சாரு."

எனக்கு இந்த மனிதர் ஒரு தீராத புதிர். நன்றி என்ற சரக்கு எந்தக் கடையில் கிடைக்கும் என்று இவர் நினைக்கிறார்? ஒருநாள் ஆபீஸ் வாசலில் தேத்தண்ணி குடிக்கும்போது கேட்டே விட்டேன். "ஏண்ணே, முப்பது வருஷமா இந்தத் தோட்டத்துக்கு உழைக்கிறீங்க. ஒரு மேனேஜரும் ஒங்களுக்கு நன்றி சொன்னதில்ல. அதுக்குக் கோபம் இல்ல. சட்டக் கம்பெனி மேல என்னா கோபம்?"

"தோட்டத்துல நான் பொறந்தேன் கிராணி. கேட்டா வந்தேன்? பள்ளிக்கூடம், வேல, வீடு எல்லாம் அவனுங்க காட்டுன எடம். இந்தச் சட்ட ஒண்ணுதான் நானா டவுனுக்குப் போயி, வெரல நீட்டி, 'இது'ன்னு சொன்னது. வெரல நீட்டுனவன் எவன்னு அவன் தெரிஞ்சிக்க வேணாமா?"

"சரி, எப்படிச் சொன்னாத்தான் நன்றி?"

"நாசி லெமாக் சோறு விக்கிற மலாய்க்கார மாக்சிக் இருக்கால்ல? என் பொட்டலத்துல நெத்திலி வைக்க மாட்டா. நான் வேணாம்னு சொன்னதே இல்ல. என்னிக்கோ ஒருநாள் நான் ஓரமா ஒதுக்குனதப் பாத்திருக்கா. அவ்ளோதான். அதான்லா நன்றி."

கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதிப் போடலாமே என்று சொல்லி வைத்தேன். இன்று நினைத்தாலும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

மறுநாள் மண்டோர் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார். உள்ளே, ஏழைக் கண்டுபிடித்த பிறகு அவர் போட்டுக் கிழித்த அத்தனை சட்டைகளின் கழுத்து லேபிள்களும் இருந்தன. ஒவ்வொன்றோடும் அதனதன் ஏழாம் நம்பர் சீட்டு ஊசி குத்தியிருந்தது. எண்ணினால் நாற்பது. நல்ல காரியத்துக்கு இரட்டைப்படை ஆகாது என்று, போட்டிருந்த சட்டையின் காலரைத் திருப்பி, என் மேசைக் கத்தரிக்கோலால் அந்த லேபிளையும் வெட்டி நாற்பத்தொன்றாக்கினார்.

புதுத்துணிக்கு நாம் ஓரத்தில் மஞ்சள் வைப்போம் இல்லையா? கிரீம் சட்டையில் வெளியே தெரியும் என்று மண்டோர் எப்போதும் கழுத்து லேபிளில்தான் வைப்பார். பழைய மஞ்சள் துவைத்துத் துவைத்து மங்கிப் போயிருந்தது. மங்கலமான காரியம் மங்கலாகப் போகக் கூடாது என்று நாற்பத்தொரு லேபிளுக்கும் புதிதாக மஞ்சள் குழைத்து ஒரு பொட்டு வைத்தார். உறையின் நான்கு மூலைக்கும் கல்யாணப் பத்திரிகை மாதிரி தடவினார்.

"கடுதாசியில என்னா எழுதணும்ணே? நன்றி சொல்லுங்கன்னு கேக்கவா?"

"சீச்சீ! கேட்டு வாங்குனா அதுக்குப் பேரு பிச்சை. ஒண்ணும் கேக்காத. அவனுங்களுக்கே புரியணும்."

ஆகவே மலாயில் நான் எழுதியது இவ்வளவுதான்: "ஐயா, அத்தாட்சிகளை இத்துடன் இணைத்துள்ளேன். பார்த்தால் உங்களுக்கே புரியும். செய்ய வேண்டியதைச் செய்வீர்கள் என நம்புகிறேன்." படித்துக் காட்டிவிட்டு, "போலீஸ்ல புகார் குடுக்குற மாதிரி இருக்குண்ணே" என்றேன்.

"கம்பீரமா இருக்குலா. போட்டுடு."

பத்து நாளில் பதில் வந்தது. பொட்டலத்தில் இரண்டு புதுச் சட்டைகள், கூடவே ஒரு கடிதம். மண்டோர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். நான் படித்துத் தமிழில் சொன்னேன். "உங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு மனப்பூர்வமாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். நாற்பத்தொரு சட்டைகளிலும் மஞ்சள் கறை இருப்பதைக் கண்டு அதிர்ச்சி அடைந்தோம்..."

"நன்றி சொல்லுவான்னு பாத்தா மன்னிப்பு கேக்குறான்!" என்று மண்டோர் தொடையில் அடித்துச் சிரித்தார். நானும் சிரித்துக்கொண்டே அடுத்த வரிக்குப் போனேன். "எல்லாவற்றையும் சரிபார்த்தவர் ஏழாம் நம்பர் ஊழியர் என்பது சீட்டுகளிலிருந்து தெரிகிறது. அவரைச் சோதனைப் பிரிவிலிருந்து எடுத்துவிட்டோம். விசாரணை முடிந்ததும் வேலையில் வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்வோம்."

மண்டோரின் சிரிப்பு பாதியில் நின்றது. இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். படித்தேன்.

"நல்லது நெனச்சி வச்ச மஞ்ச, கிராணி" என்றார். "ஒரு ஆளு சோத்துல போயி விழுந்திருச்சே."

அன்று அவர் பசியாறவில்லை. கம்பெனிக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். குரல் ஒன்று, மலாய்க்கு ஒன்றை அழுத்து, ஆங்கிலத்துக்கு இரண்டை அழுத்து என்றது. மண்டோர் ஏழை அழுத்தினார். லைன் அறுந்துவிட்டது. மூன்று தரம் போட்டு, மூன்று தரமும் ஏழையே அழுத்தினார்.

மறுநாள் காலை லீவு போட்டார். மண்டோரே லீவு எடுத்ததால் அவருக்கு உடம்பு சரியில்லை என்று தோட்டமே முடிவு கட்டியது. என் பழைய காடியில் சிரம்பானைத் தாண்டி இருந்த தொழிற்சாலைக்குப் புறப்பட்டோம். அவர் மடியில் கம்பெனி அனுப்பிய புதுச் சட்டை. பாக்கெட்டில் ஒரு மஞ்சள் கிழங்கு. வழி முழுக்க ஒரே கேள்விதான் கேட்டார்: "வேலய விட்டு நிப்பாட்டியிருப்பானுங்களா?" எனக்கு என்ன தெரியும்? காடியின் ஆக்சிலரேட்டரை மிதித்தேன்.

மேனேஜர் கண்ணாடி போட்ட சீன இளைஞர், மரியாதையான பையன். எங்கள் நாற்பத்தொரு லேபிள்களையும் தனித்தனிப் பிளாஸ்டிக் பையில் போட்டு, கொலை வழக்குச் சாமான் மாதிரி மேசையில் பரப்பி வைத்திருந்தார். மறுபடியும் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். மண்டோர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, மேசையில் இருந்த குடிதண்ணீரை உள்ளங்கையில் விட்டு, கிழங்கை உரசி, புதுச் சட்டையின் லேபிளில் ஒரு பொட்டு வைத்தார்.

மேனேஜர் "ஐயோ" என்கிற மாதிரி ஏதோ சீனத்தில் சொன்னார்.

"இதான் கற" என்றார் மண்டோர், தோட்டத்து மலாயில். "நான்தான் வச்சேன். எங்காளுங்க புதுத்துணிக்கு வைப்போம். நல்லா இருக்கணும்னு வைக்கிறது. ஏழாம் நம்பர் மேல ஒரு தப்பும் இல்ல."

"நாற்பத்தொரு சட்டையும் நீங்களே போட்டதா?"

"ஆமா."

"அப்படின்னா இது புகார் இல்லையா? பிறகு எதுக்கு எங்களுக்கு அனுப்பினீங்க?"

இத்தனை வருஷம் மனசில் வைத்திருந்ததைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் வராது. மண்டோர் என்னைப் பார்த்தார். நான் சொல்லுங்கள் என்று கண்ணைக் காட்டினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "சும்மா... காட்டலாம்னு" என்றார்.

மேனேஜர் ஆளை அனுப்பி ஏழாம் நம்பரை வரச் சொன்னார். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு மலாய் அம்மா, தலையில் தூடோங் முக்காடு, அங்கியில் ஏழு என்ற வில்லை. பெட்டி மடிக்கும் பிரிவில் போட்டிருந்தார்களாம். உள்ளே வந்தவர் எங்கள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. மண்டோரின் உள்ளங்கையைப் பார்த்தார்.

"குன்யிட்!" என்று ஒரு சத்தம் போட்டார். மஞ்சளுக்கு மலாயில் அதுதான் பெயர். "நான் மொத நாளே சொன்னேன், இது குன்யிட்டுன்னு! தெனம் கொழம்பு வைக்கிறவளுக்குத் தெரியாதா? ஒருத்தராவது கேட்டீங்களா?" மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே, நாளையிலிருந்து பழைய இடத்துக்கே போகலாம் என்றார். "நாளக்கி என்னா நாளக்கி? இப்பவே போறேன்" என்றார் அந்த அம்மா.

மண்டோர் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் வெட்டுக்காரனை இந்தப் பக்கமிருந்து கூப்பிடுகிற குரல் அவருடையது. அன்றைக்கு எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

"தெரிமா காசே" என்றார். மலாயில் நன்றிக்கு அதுதான் சொல்.

"எனக்கா? எதுக்கு?"

"பொத்தானுக்கு."

அந்த அம்மா பழக்கம் போலச் சட்டையைப் பார்த்தார். கிட்டே வந்து காலரைத் திருப்பினார். லேபிள் இருந்த இடத்தில் நூல் நூலாகத் தொங்கியது. "யாரு இத இப்படி வெட்டுனது?" என்றார். மண்டோர் திருடன் மாதிரி விழித்தார். "கழட்டுங்க."

அப்படித்தான் கொக்கு இல்லாத மண்டோரை வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்த்தேன். மேனேஜர் அறையில், குளிர்சாதனக் காற்றில், பனியனோடு கைகட்டி உட்கார்ந்திருந்தார். கால் மணி நேரத்தில் சட்டை திரும்பி வந்தது. கழுத்தில், மேசையிலிருந்து அந்த அம்மா தேடி எடுத்துப்போன அதே பழைய லேபிள், மஞ்சள் பொட்டு கலையாமல், நான்கு பக்கமும் தைத்திருந்தது. திரும்பி வரும் வழியில் மண்டோர் ஒரு கையால் கழுத்தின் பின்பக்கத்தைத் தடவிக்கொண்டே வந்தார். பெடாஸ் வரும்வரை அந்தக் கை கீழே இறங்கவில்லை.

கம்பெனி தன் பங்குக்கு அவருக்குத் தங்கக் கலரில் ஒரு கார்டு அனுப்பியது. உரம் ஒட்டிய பூட்ஸைச் சுரண்ட அது வாகாக இருந்தது. ஆனால் அந்தத் தீபாவளிக்குச் சட்டை வாங்கப் போனபோது, அவர் அளவான பதினாறரை சைஸ் சட்டை ஒன்றின் பாக்கெட்டில் ஏழாம் நம்பர் சீட்டு இருந்தது. சீட்டின் மூலையில் ஒரு சின்ன மஞ்சள் பொட்டும் இருந்தது. மண்டோர் சீட்டைக் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டார். அடுத்த தீபாவளிக்கும் இருந்தது. அதற்கடுத்ததற்கும்.

இப்போது அவர் ஓய்வு பெற்று, சுவாவில் மகள் வீட்டில் இருக்கிறார். கண் சரியில்லை, சிரம்பான் வரைக்கும் வர முடிவதில்லை. போன வாரம் அந்தக் கடைப் பக்கம் போனேன். காவலாளி முறைத்துப் பார்க்க, பாக்கெட் பாக்கெட்டாகக் கையை விட்டுத் தேடினேன். "ஏழா?" என்றார் கடை முதலாளி. பதினெட்டாவது பாக்கெட்டில் கிடைத்தது, மஞ்சளோடு. சட்டை பதினாறரை சைஸ், எனக்குத் தொளதொளவென்று இருக்கும். வாங்கி வந்து வீட்டில் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சுவாவுக்குப் போக வேண்டும், சீட்டை அவரே கையை விட்டு எடுக்கட்டும்.