மதகடியில் ஒரு செருப்பு

காலையில் படகுத்துறை காலியாகக் கிடந்தது. கட்டிவைத்த மிதிபடகுகள் எல்லாம் ஏரியின் அந்தக் கோடியில், கிழட்டு அணையின் பழைய மதகுக்கு மேலே, சுவரில் மூக்கை உரசிக்கொண்டு நின்றன. காற்று இல்லை. மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை.

படகுக்காரர் வீட்டுக்கு ஓடி மனைவியை எழுப்பினார்.

"மதகு கசியுதுடி. தண்ணி இழுக்குது."

"அணை என்ஜினியர்கிட்ட சொல்லுங்க," என்றாள் மனைவி.

"சொன்னா ஏரியை வடிச்சிடுவாரு. அப்புறம் படகை ரோட்டுலயா ஓட்டறது? இந்த வீட்டையும் காலி பண்ணச் சொல்லுவாங்க."

கயிற்றுக்குப் பதில் சங்கிலி போட்டார். மறுநாள் படகுகளோடு துறையின் பலகையும் சேர்ந்து போயிருந்தது.

"எப்படிங்க தானாவே போச்சு?" என்று சுற்றிப்பார்க்க வந்த ஒருவர் கேட்டார்.

படகுக்காரர் வாய்க்கு வந்ததை அளந்துவிட்டார். "அங்க ஒரு அம்மா செருப்பைத் தண்ணியில தவறவிட்டாங்க. எடுக்க எறங்கினவங்க ஏறவே இல்ல. இன்னும் தேடறாங்க. தொணைக்குப் படகுங்களைக் கூப்பிட்டுக்கறாங்க."

அவ்வளவுதான், கூட்டம் அலைமோதியது. வந்தவர்கள் சும்மா இருந்தார்களா? பாவம் அந்த அம்மா என்று ஆளுக்கொரு பழைய செருப்பை மதகடியில் போட்டார்கள். ரப்பர் செருப்பு மிதக்க வேண்டும். ஒன்றுகூட மிதக்கவில்லை. யாரோ வாங்கிக்கொண்டதுபோல மெதுவாக, நேராகக் கீழே போயின. பார்த்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். படகுக்காரருக்கோ வேறு பயம்: ஓட்டை பெரிசாகிவிட்டது.

செய்தி எட்டி என்ஜினியரே வந்துவிட்டார். "செருப்பு முழுகுதுன்னா கீழ எதுவோ இழுக்குதுய்யா," என்று முக்குளிப்பவர் ஒருவரை வரவழைத்தார். அவர் வெளியூர்க்காரர். ஜீப்பிலிருந்து இறங்கியவர் யாரிடமும் பேசாமல் நேராகத் தண்ணீருக்குள் போனார்.

படகுக்காரர் உடைந்துபோனார். "சார், பேயும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்தம்மா கதை நான் கட்டினது. மதகு கசியறதை மறைக்கத்தான். என் பொழைப்பு போயிடும்னு பயம் சார்."

என்ஜினியர் வாயைத் திறப்பதற்குள் முக்குளிப்பவர் தலை வெளியே வந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"மதகு சிமெண்ட் போட்டு அடைச்சு கல்லு மாதிரி இருக்கு சார், ஒரு சொட்டு கசியல. ஆனா கீழ ஒரு அம்மா உக்காந்து ஒவ்வொரு செருப்பா போட்டுப் பாக்கறாங்க, எதுவும் அளவு சரியில்லையாம்; இடது கால் ஏழாம் நம்பர் இருக்கான்னு படகுக்காரரைக் கேக்கச் சொன்னாங்க."